மகாராணியின் ரீங்காரம்

மே 5, திங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. தூத்துக்குடியில் இன்று காக்கைகள் பறக்கவில்லை, ஓரமாக நடந்துதான் போயின. உப்பளத்து உப்பு வெயில் தாங்காமல் தானே மூட்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டதாகக் கேள்வி. இப்பேர்ப்பட்ட நன்னாளில், தென்கடற்கரையின் ஸ்டீல் கித்தார் சக்கரவர்த்தியும், கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனும், எந்தப் பெண்ணுக்கும் அநீதி இழைத்துவிடக் கூடாதே என்று இந்நாள்வரை கல்யாணம் செய்துகொள்ளாதவனுமாகிய கஸ்பார் மச்சாது என்னும் நான் இந்த டைரியைத் தொடங்குகிறேன். ஜனவரியில் மருந்துக் கடைக்காரர் கொடுத்தது. நான்கு மாதமாக இதன்மேல் என் அக்கா மெட்டில்டா வடகம் காயவைத்திருக்கிறாள். சரித்திரத்துக்கு இப்படியெல்லாம் சோதனை வரும்.

சரித்திரம் என்னவென்றால், எங்கள் ஸீ பிரீஸ் மெல்லிசைக் குழுவுக்குக் கச்சேரி வந்திருக்கிறது. இருபத்து நான்காம் தேதி, கோயில் மண்டபத்தில், அசென்ஷன் அண்ணாச்சி பேத்தியின் கல்யாண வரவேற்பு. குழு என்றால் மூன்று பேர். நான், எனக்குத் துணைக் கித்தாராக ரெமிஜியுஸ், பாட டெல்பின். நான்காவது உறுப்பினர் மகாராணி.

மகாராணி என் வால்வு ஆம்ப்ளிஃபயர். கிரேக்கக் கப்பல்காரன் ஒருவன் ஒரு பெட்டி முந்திரிப் பருப்புக்கு அவளை எனக்குக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே கப்பல் ஏறினான். ஸ்விட்சைப் போட்டால் உடனே பேசிவிட மாட்டாள். உள்ளே வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாகக் கண் விழிக்கும். அதற்குள் ஒரு தோணி கொழும்புக்குப் போய் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். பிறகு 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும்பும். கித்தாரை மடியில் படுக்கப்போட்டு, தடித்த கம்பியை அந்த ரீங்காரத்தோடு ஒட்டும்வரை முறுக்குவேன். மற்றக் கம்பிகள் அதைப் பார்த்து. ரெமிஜியுஸ் என்னைப் பார்த்து. டெல்பின் எங்களைப் பார்த்து. அவ்வளவுதான் எங்கள் சுருதி.

கஸ்பாருக்குக் கடவுள் காதுக்குள்ளேயே சுருதிப்பெட்டி வைத்துப் படைத்திருக்கிறார் என்று ஊர் நினைக்கிறது. நான் மறுத்ததில்லை. கடவுளுக்கு வருகிற நல்ல பெயரைக் கெடுப்பானேன்.

மாலை ஒத்திகை. டெல்பின் கத்தரிப்பூ நிறத்தில் சேலை, வெள்ளைக் கரை. இசைக் குறிப்பாக மட்டுமே இதை எழுதி வைக்கிறேன்.

மே 7, புதன்

மக்ரூன் வாங்கினேன். குழுவுக்காகத்தான். ரெமிஜியுஸுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவன் சாப்பிட மாட்டான், நான் இனிப்பு தொடுவதில்லை. ஆனாலும் குழு என்று இருந்தால் மக்ரூன் இருக்க வேண்டும்.

மே 9, வெள்ளி

அக்கா மகளும் மாப்பிள்ளை ஜெரினும் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார்கள். அக்கா கீழ் வீட்டில், நான் மாடியில். மாப்பிள்ளைக்காக அக்கா பொரித்த மீனின் மணத்தில் கடலிலிருந்த மற்ற மீன்கள் கரைக்கு வந்து வரிசையில் நின்றன.

மாப்பிள்ளை எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். தங்கமான பிள்ளை. மாடிக்கு வந்தவர் மகாராணியின் முன்னால் குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"மாமா, சும்மா இருக்கும்போதே ஒரு சத்தம் வருதே. போன தடவையே கவனிச்சேன்."

"சத்தமா? அவ மூச்சு விடுதா மாப்பிள்ளை."

சிரித்தார். ஒரு மாதிரியான சிரிப்பு. அப்போதே எனக்கு இடது கண் துடித்தது.

மே 11, ஞாயிறு

பூசை முடிந்து, மீன் மார்க்கெட் போய், நண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாடியில் மகாராணியைச் சுற்றி அக்கா, அக்கா மகள், மாப்பிள்ளை, மூவரும் கல்யாணப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாமா, ஸ்விட்சைப் போடுங்க" என்றார் ஜெரின்.

போட்டேன். வால்வுகள் விழித்தன. காத்திருந்தேன். வெங்காயத் தோணி போனது, வந்தது, மறுபடி போனது. ஒரு சத்தமும் இல்லை. கம்பியைத் தட்டினால் மட்டும் மணியாக ஒலிக்கிறது. விட்டால் மயான அமைதி.

"உள்ள ரெண்டு கண்டென்சர் செத்துப்போய்க் கெடந்துச்சு மாமா. பெங்களூர்லயே தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தேன். சர்ப்ரைஸ்!"

"மாப்பிள்ளை லீவுக்கு வந்த எடத்துல வேர்க்க விறுவிறுக்க ஒக்காந்து செஞ்சிருக்காவ. ஒரு வார்த்த சொல்லேன்டா" என்றாள் அக்கா.

வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் அவனைக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் காயப்போட்டிருப்பேன். மாப்பிள்ளை! மெட்டில்டா வீட்டு மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லிவிட்டு இந்த ஊரில் எவன் சோறு சாப்பிட முடியும்? கட்டிப்பிடித்து, "கர்த்தர் உம்ம கைய ஆசீர்வதிக்கட்டும்" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று அக்கா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மே 12, திங்கள்

பழைய கண்டென்சர்கள் எங்கே என்று நயமாக விசாரித்தேன். குப்பை வண்டியில் போய்விட்டனவாம்.

வேறு ரீங்காரம் தேடிப் புறப்பட்டேன். அக்காவின் ஃபிரிஜ்ஜோ புதுசு, மூச்சுப் பேச்சு இல்லாமல் நிற்கிறது. அதுவும் மாப்பிள்ளை வாங்கித் தந்ததுதான். இந்தக் குடும்பத்திலிருந்து சத்தத்தை ஒழிப்பதென்று மனிதர் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாரோ என்னவோ.

கடைசியில் தெருமுனை மின்சார டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே போய் நின்றேன். ஆகா! அதே 'ம்ம்ம்'! மகாராணிக்கு உடன்பிறந்த அக்கா! கித்தாரை எடுத்துவந்து, கீழே சப்பணம் போட்டு உட்கார்ந்து, மடியில் படுக்கப்போட்டு முறுக்க ஆரம்பித்தேன். கம்பி ஒட்டுகிற நேரம் பார்த்து மின்வாரியத்து லைன்மேன் ஒருவர் சைக்கிளிலிருந்து குதித்தார்.

"யாருவே அது? செத்துப்போறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"சுதி சேக்கேன்யா. ரெண்டு நிமிசம்."

"சுதியா? மேல பாரும், மண்டையோடு படம் போட்டிருக்கு. எந்திரியும்வே!"

எப்படியோ சேர்த்துவிட்டேன். வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் கம்பிகள் இளகி, கித்தார் கழுதைபோலக் கத்தியது. மறுபடியும் போனால் லைன்மேன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் கை வைத்து.

மே 14, புதன்

ஒத்திகை. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் ஃபோனில் சுருதி சேர்க்கிற ஆப்பை வைத்துக் கம்பிகளைச் சரி செய்திருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. உலகத்தின் எல்லாக் கீபோர்டும் எல்லாப் பியானோவும் ஒத்துக்கொள்கிற சுருதி.

டெல்பின் ஒத்துக்கொள்ளவில்லை. அதாவது, அவள் தொண்டை ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வரி எங்களோடு நிற்கும். இரண்டாவது வரியில் சற்றே மேலே ஏறிவிடும். ஒரு தலைமுடி அளவுதான். ஆனால் அந்த ஒரு தலைமுடி சோற்றில் கிடந்தால் எப்படி? திரும்பத் திரும்ப அப்படியே.

"பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கோ?" என்றான் ரெமிஜியுஸ்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீரு சொல்லும் மச்சாது. உமக்குத்தானே காதுக்குள்ள பெட்டி இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நூறு விதமாகத் தோன்றுகிறது. அப்போது சொன்னது இது: "சுதி ஏறுது டெல்பின். கொஞ்சம் கவனிச்சுப் பாடு."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பச்சையில் பூப்போட்ட சேலை. மக்ரூனைத் தொடவில்லை. பிறகு நானே ஒன்று தின்றுபார்த்தேன். சுண்ணாம்புபோல இருந்தது. அந்தக் கடையில் சரக்கு கெட்டுவிட்டது, இனி வாங்குவதாக இல்லை.

மே 16, வெள்ளி

ரெமிஜியுஸ் படியேறி வந்தான், மூச்சு வாங்கினான். அவன் மூச்சு வாங்கினால் கெட்ட செய்தி. நல்ல செய்தியாக இருந்தால் தெருவிலிருந்தே கத்திவிடுவான்.

"கஸ்பாரு, டெல்பினை ப்ளூ பேர்ல் பீட்ஸ் குழுக்காரனுவ கூப்பிட்டிருக்கானுவ. நாளைக்குப் பாடிக் காட்டப் போறா. புடிச்சுதுன்னா இனி அவனுவளோடதானாம்."

"போகட்டுமே."

"போகட்டுமா? அப்ப இருபத்து நாலாந்தேதி யாருவே பாடுவா? உம்ம அக்காளா?"

"இசை ஒரு கடல் ரெமி. அதுல யாரும் வரலாம், போகலாம்."

"கிழிச்சீரு" என்றான். "நீரு கடலப் பாத்துக்கிட்டே ஒக்காந்திரும். அந்தப் பிள்ள கப்பல் ஏறிரும்."

எனக்கு ஒரு கவலையும் இல்லை. கித்தார்க் கம்பிகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினேன். பிறகு கழற்றி, துடைத்து, மாட்டினேன்.

மே 17, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. அதை நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மே 19, திங்கள்

சட்டையில் ஒரு பட்டன் அறுந்துவிட்டதால் டெல்பினின் தையல் கடைக்குப் போக நேர்ந்தது. நல்ல கெட்டியான பட்டன்தான். அறுப்பதற்குள் எனக்கு விரல் வலித்துவிட்டது.

அவள் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வாரும் மிஸ்டர் மச்சாது."

மிஸ்டர்! கடைசியாக அவள் என்னை மிஸ்டர் என்றபோது ஊரில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.

"அங்க எப்படிப் போச்சு?" என்று கேட்டேன், வானிலையைப் பற்றிக் கேட்பதுபோல.

மிஷினை நிறுத்தினாள். "கீபோர்டுப் பையன் நாலு வரி கேட்டுட்டு, 'ஆன்ட்டி, நீங்க சுதிக்கு ஒரு இத்தனூண்டு மேல பாடுறீங்க, ஆனா கடைசிவரைக்கும் அந்த எடத்த விட்டு அசையவே மாட்டேங்கிறீங்களே'ன்னான். ஆச்சரியமாப் பாக்கான். எனக்கு மானம் போச்சு. முப்பது வருசமா எந்தச் சுதியிலவே என்னப் பாட வச்சீரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"கூரையில எழுதியிருக்கா? நான் சொல்லுதேன். அந்தப் பெட்டியப் போட்டா 'ம்ம்'முன்னு மொனங்கும். நீரு கண்ண மூடிக்கிட்டு ரெக்க மொளச்ச சம்மனசு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு, அதோட சேத்து முறுக்குவீரு. எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீராக்கும்? ரெமிக்குத் தெரியும். உங்க அக்காளுக்குத் தெரியும். கோயில்ல மணியடிக்குற குட்டியாருக்குக்கூடத் தெரியும். உம்ம சந்தோசத்தக் கெடுப்பானேன்னு விட்டுட்டோம்."

என் புகழ் என்னும் மாளிகை ஒரு தையல் கடையில், பட்டன் டப்பாவுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் இடிந்தது.

"சரி, அந்தப் பையன் அப்புறம் என்ன சொன்னான்?"

"என்ன சொல்ல? கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனான். ஒரே நிமிசம். அது மொத்தமும் என் தொண்டைக்கு வந்து நின்னுட்டு. நல்ல பிள்ளைங்க. இருபத்து நாலாந்தேதி அவங்களுக்கும் ஒரு கல்யாணம் இருக்காம், திருச்செந்தூர்ல. வரச் சொல்லுதாங்க." சற்று நிறுத்தினாள். "நீரு என்ன சொல்லுதீரு?"

நான் மிகுந்த கம்பீரத்தோடு பதில் சொன்னேன். "உன் இஷ்டம் டெல்பின்."

அவள் என் கையிலிருந்த சட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, பட்டனைத் தைத்து, பல்லால் நூலைக் கடித்து, கையில் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும் வழியில், சொல்ல வேண்டியதை எல்லாம் பீச் ரோட்டில் காற்றுக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னேன். காற்று ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் சுண்டல் விற்றவர் சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.

மே 20, செவ்வாய்

மாப்பிள்ளையிடம் மாற்றி மாற்றிப் பேசி, ஒருவழியாக விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பாவம், முகம் வாடிவிட்டது.

"மாமா, தெரியாமப் பண்ணிட்டேன். ஒண்ணும் கவலப்படாதீங்க. இதே ஆப்ல அளவ மாத்தலாம். டெல்பின் ஆன்ட்டி பாடுனத ரெக்கார்டு பண்ணிக் குடுங்க, ஒரு நிமிசத்துல உங்க கித்தாருக்குக் கணக்கு சொல்லிரும்."

மறுபடி ஒரு நிமிசம். அங்கேயும் ஒரு பட்டன், இங்கேயும் ஒரு பட்டன்.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். ஏன் என்று கேட்டார். மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தைத் திருப்பிப் போட்டேன்.

மே 21, புதன்

வரலாறு இந்த நாளைப் பொன்னெழுத்தில் எழுதும். எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன்.

காலையில் முகச்சவரம் செய்து, கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு டெல்பினின் கடைக்குப் போனேன். உள்ளே ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள் ஒரு பட்டாளம். நேராகப் போய், துணி வெட்டுகிற பலகைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, கித்தாரை மடியில் படுக்கப்போட்டேன்.

"என்னவே இது?" என்றாள்.

"இத்தன வருசமா நீ எங்களப் பாத்துப் பாடுன. இனிமே நான் உன்னப் பாத்து முறுக்கப்போறேன். நீ பாடு."

"வேல கெடக்கு."

"தச்சுக்கிட்டே பாடு."

பாடினாள். பாட்டுக்கூட இல்லை, ஒரு 'ம்ம்ம்'. கண்ணை மூடிக் கேட்டேன். கர்த்தரே! என் மகாராணி குப்பை வண்டியில் போகவில்லை, இவள் தொண்டையில் குடியிருக்கிறாள்.

இதற்குப் பிறகு நான் கம்பியைச் சரியாகச் சேர்த்து அசத்தினேன் என்றுதான் எழுத நினைத்தேன். என்ன செய்ய, என் காதுக்குள் பெட்டி கிடையாது. ஆம்ப்ளிஃபயரின் ரீங்காரம் நின்ற இடத்தில் நிற்கும். டெல்பின் நடுநடுவே மூச்சு வாங்குவாள், ஊசியில் நூல் கோப்பாள், "கை நீளம் எவ்வளவு வைக்கட்டும்?" என்று யாரிடமாவது கேட்பாள். ஒவ்வொரு முறையும் நான் விட்டுவிடுவேன்.

"கீழ போச்சு" என்றாள் டெல்பின்.

"மேல ஏத்துங்க அங்கிள்" என்றாள் அளவு கொடுக்க வந்த ஒருத்தி.

"ஏத்திட்டாரு, கூடிப்போச்சு" என்றாள் இன்னொருத்தி. "எறக்குங்க. இன்னும். ஐயோ, விட்டுட்டாரு!"

அளவு கொடுக்க வந்தவர்கள் யாரும் போகவில்லை. எதிர் டீக்கடைக்காரர் வந்து நின்றார். ஒரு கம்பி அறுந்தது. மாற்றினேன். வேர்வையில் முறுக்காணி வழுக்கியது. டெல்பின் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், சிரித்தால் 'ம்ம்ம்' எங்கே வரும்? கோயிலில் மதிய மணி அடிக்கும்போது, தடித்த கம்பியும் அவள் குரலும் ஒன்றோடொன்று ஒட்டி, இடையில் ஒரு சன்னமான நடுக்கம் எழும்பி, அதுவும் அடங்கி, ஒன்றாகிப் போயின.

டெல்பின்தான் முதலில் பேசினாள். மிஷினைப் பார்த்துக்கொண்டே.

"அந்தப் பையன் ஒரு நிமிசத்துல முடிச்சிட்டான்."

"தெரியும். சொன்னியே."

"நீரு ஒரு காலப்பொழுத முழுசாக் காலி பண்ணிட்டீரு."

"ஆமா."

"திருச்செந்தூருக்கு வரலன்னு சொல்லிருதேன்" என்றாள்.

வீட்டுக்கு நடந்துதான் வந்தேன் என்று நினைக்கிறேன். கால் தரையில் பட்டதற்குச் சாட்சி யாரும் இல்லை.

மே 24, சனி

அசென்ஷன் அண்ணாச்சி பேத்தியின் வரவேற்பு. மண்டபத்தில் கூட்டம் எப்பேர்ப்பட்டதென்றால், பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வர டோக்கன் எடுத்தார்கள். டெல்பின் வெண்பட்டில், ஆரஞ்சுக் கரை.

கச்சேரி தொடங்கும் முன் சுருதி சேர்க்க வேண்டும். டெல்பின் மைக்கை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, என் காதோரமாக 'ம்ம்ம்' என்றாள். முந்நூறு பேர் பார்க்கிறார்கள். முன்வரிசையில் அக்கா வேறு.

"சீக்கிரம் முறுக்கும்வே" என்றான் ரெமிஜியுஸ். "முழு மண்டபமும் உம்ம மூஞ்சியத்தான் பாக்கு."

"தோதாச் சேரணும்லா ரெமி."

"சேந்து ரெண்டு நிமிசமாச்சு. எனக்குக் கேக்குது."

பிறகு வாசித்தோம். என் கையிலிருந்த ஸ்டீல் துண்டு கம்பிமேல் வழுக்க, அவள் குரல் அதன்மேல் வழுக்க, எது கம்பி எது குரல் என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. மண்டபத்து மின்விசிறிகள் மரியாதைக்காக மெதுவாகச் சுற்றின. துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு பனாமாக் கப்பல், புறப்படும் நேரம் வந்தும் புறப்படவில்லை. கடைசிப் பாட்டு முடிந்து, கை தட்டலுக்கு முன்னால் ஒரு கணம் மண்டபமே நிசப்தமாக இருந்தது. மகாராணியும் நிசப்தமாக இருந்தாள். முன்பெல்லாம் அந்த இடத்தில் அவளுடைய முனகல் நிறைந்திருக்கும். இன்று அந்தக் கடைசிச் சுரம் தேய்ந்து மறைவது வரைக்கும் கேட்டது.

ஜெரின் மாப்பிள்ளை மேடைக்கு ஓடி வந்தார். "மாமா, பாத்தீங்களா, எவ்ளோ கிளீனா இருந்துச்சு!"

கட்டிப்பிடித்து ஆசீர்வதித்தேன். இந்த முறை மனசாரத்தான்.

மே 25, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது டெல்பினிடம், ஸ்டீல் கித்தார்க் கம்பிகள் இந்த வெயிலுக்கு நாள்தோறும் இளகக்கூடியவை என்ற விஞ்ஞான உண்மையை எடுத்துரைத்தேன்.

"அப்ப தெனமும் சேக்கணுமே?" என்றாள்.

"தெனமும்தான். இல்லேன்னா கித்தார் கெட்டுப்போயிரும்."

"சாயங்காலம் வாங்க கஸ்பார். வீட்டுக்கு. கடைக்கு வேண்டாம், அங்க எல்லாரும் யோசன சொல்லுதாங்க."

வாங்க! கஸ்பார்! மிஸ்டர் எங்கே போனார், மச்சாது எங்கே போனார் என்று இரண்டு பேரையும் தேடிப் பார்த்தேன், காணவில்லை.

சாயங்காலம் புதுச் சட்டை போட்டு, மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தாள். டீ போட்டிருந்தாள். உட்கார்ந்து, ஒரு வாய் குடித்த பிறகுதான் கவனித்தேன், கித்தாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.